தயாரிப்பு நின்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆர்எக்ஸ்-7 மீது ஏன் இந்த ஆசை?

ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 2002-இல் தயாரிப்பை நிறுத்திவிட்ட ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய உங்கள் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் விலையைப் பற்றியது. எஞ்சின் நீடித்து உழைப்பதில்லை, பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிக்கிறது, பின்னிருக்கை பெயருக்குத்தான் இருக்கிறது, இன்றைய மின்சாரக் கார்கள் பல சிக்னலில் அதைச் சத்தமில்லாமல் முந்திவிடும். அப்படியிருக்க ஏன் ஒரு புதிய சொகுசுக் காருக்கு ஆகும் பணத்தை அதற்குக் கொட்டுகிறார்கள், இது சினிமாவும் இளவயது நினைவுகளும் கிளப்பிவிட்ட மோகம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, அந்த மோகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அடியில் ஒரு நல்ல கார் மிஞ்சுமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மிஞ்சும் என்பது என் பதில். ஆனால் அந்தக் காரிடம் மக்கள் விரும்புவதும், நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் களைய முடியாது. அதை விளங்கச் சொல்ல எஞ்சினிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன், என் அறிவின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, ஜப்பானில் பழைய வாகனங்களை ஏற்றுமதிக்காகச் சோதித்து அறிக்கை எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஆர்எக்ஸ்-7 கார்களை, குறிப்பாக எஃப்டி3எஸ் (சுருக்கமாக எஃப்டி) என்ற குறியீடு கொண்ட மூன்றாம் தலைமுறையை, பானட்டைத் திறந்து பார்த்தும், ஓட்டிப் பார்த்தும், கம்ப்ரஷன் (எஞ்சின் அறைக்குள் உருவாகும் அமுக்க அழுத்தம்) அளந்தும் பழகியிருக்கிறேன். பந்தயத் தடத்தில் அதன் எல்லையைத் தொட்டுப் பார்த்த ஓட்டுநர் அல்லன். ஆகவே கட்டமைப்பைப் பற்றியும் பழுதுகளைப் பற்றியும் நான் சொல்வதை உறுதியாகக் கொள்ளலாம்; மக்களின் மனம் ஏன் எதை நாடுகிறது என்பதைப் பற்றிச் சொல்வதை ஓர் அனுபவசாலியின் ஊகமாக மட்டும் கொள்ளுங்கள்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஆர்எக்ஸ்-7-இல் இருக்கும் ரோட்டரி எஞ்சினில் அந்த ஓட்டமே இல்லை. நடுவில் லேசாக இடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று முகங்களும் கூட்டின் சுவரோடு சேர்ந்து உருவாக்கும் மூன்று அறைகளில் உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றல் ஆகியவை அடுத்தடுத்து நடந்துகொண்டே இருக்கின்றன. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, சிலிண்டர் ஹெட் இல்லை. ஜெர்மானியரான ஃபீலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய கருத்து இது. ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து மஸ்டா 1961-இல் உரிமம் பெற்றது. அன்று டோயோட்டா, நிசான் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு நடுவே தனித்து நிற்க ஹிரோஷிமாவின் அந்தச் சிறிய நிறுவனத்துக்கு வேறெவரிடமும் இல்லாத ஒரு நுட்பம் தேவைப்பட்டது. வந்து சேர்ந்த எஞ்சினோ, ரோட்டரின் முனைகளில் கசிவைத் தடுக்கப் பொருத்திய சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து, கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் போடும் நோயோடு வந்தது. மஸ்டா பொறியாளர்கள் அதற்குப் பிசாசின் நகக்கீறல் என்று பெயரிட்டார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதனோடு போராடி, அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்களைக் கண்டடைந்தது. 1967-இல் மஸ்டாவின் முதல் ரோட்டரி காரான கோஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. யமமோட்டோ பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைவரானார்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி இந்தக் கதையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. குடும்பக் கார், பிக்கப், பேருந்து என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் ரோட்டரியைப் பொருத்தியிருந்த மஸ்டா, பெட்ரோல் விலை ஏறியதும் விற்காத வண்டிகளோடு நின்றது. வங்கி கைகொடுத்ததால் பிழைத்தது. அதன்பிறகுதான், இந்த எஞ்சினின் குறையை மன்னிக்கக்கூடிய ஒரே வாடிக்கையாளர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் என்ற தெளிவு பிறந்தது. 1978-இல் முதல் ஆர்எக்ஸ்-7, 1985-இல் இரண்டாம் தலைமுறை, 1991-இன் இறுதியில் எஃப்டி. மூன்று தலைமுறையும் சேர்ந்து எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றன. அவற்றில் எஃப்டியின் பங்கு ஏறக்குறைய 68 ஆயிரம்தான்.

எஃப்டியின் எஞ்சினான 13பி-ஆர்இடபிள்யு இரண்டு ரோட்டர்கள் கொண்டது. ஒவ்வொன்றும் 654 சிசி, ஆக 1308 சிசி. ஜப்பானிய வரிக் கணக்கில் ரோட்டரிக்கு ஒன்றரை மடங்கு போடுவார்கள். அப்படிப் போட்டாலும் 1962 சிசிதான், இரண்டு லிட்டர் வகுப்பைத் தாண்டுவதில்லை. இந்த அளவிலிருந்து தொடக்கத்தில் 255 குதிரைத்திறனும், 1996-இல் 265-உம், 1999-இல் 280-உம் எடுத்தார்கள். ஆனால் திறனைவிட முக்கியமானது எஞ்சினின் உருவம். துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு மனிதர் இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளும் பருமன்தான் இருக்கும். அவ்வளவு குட்டையாகவும் குறுகலாகவும் இருப்பதால் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, தாழ்த்தி வைக்க முடிகிறது. எடை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிகிறது. பானட் தாழ்கிறது. மொத்த உயரம் 1230 மில்லிமீட்டரில் நிற்கிறது. ஆறு சிலிண்டர்களை வரிசையாக அடுக்கிய நீளமான எஞ்சினை வைத்துக்கொண்டு எந்த வடிவமைப்பாளர் முயன்றாலும் அந்த முகப்பை வரைந்திருக்க முடியாது. எஃப்டியின் அழகைப் பாராட்டுபவர்கள் பலருக்கும், தாம் பாராட்டுவது உண்மையில் எஞ்சினின் சிறிய உருவத்தை என்பது தெரிவதில்லை.

இந்தச் சாதகத்தை மஸ்டா வீணாக்கவில்லை. டகஹாரு கோபயகவாவின் தலைமையில் இயங்கிய குழு, ஒரு குதிரைத்திறனுக்கு ஐந்து கிலோவுக்கும் குறைவான எடை என்பதை இலக்காக வைத்துக்கொண்டது. அதற்காகப் பானட்டையும் சஸ்பென்ஷன் கைகளையும் அலுமினியத்தில் செய்தார்கள். கிராம் கிராமாகக் குறைத்து 1991-இன் டைப் ஆர் என்ற வகைக் காரை 1260 கிலோவில் நிறுத்தினார்கள். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரே சட்டத்தால் இறுகப் பிணைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இடையில் எதுவும் முறுக்கிக் குழையாமல் சக்கரத்துக்கு விசை போகும்படி செய்தார்கள். அதே காலத்தின் டோயோட்டா சூப்ரா ஒன்றரை டன்னை ஒட்டியது. நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆரும் அப்படித்தான். அவை இரண்டுமே அருமையான கார்கள், நேர்ச்சாலையில் இதை எளிதில் விரட்டக்கூடியவை. ஆனால் இருநூற்றைம்பது கிலோ வித்தியாசத்தை வளைவில் மறைக்க முடியாது.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முதலில் தெரிவது அதிர்வின்மை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறதா, 6000-இல் ஓடுகிறதா என்பது கையிலும் காலிலும் உறைப்பதில்லை. முள்ளைப் பார்த்தால்தான் உண்டு. அதனால்தான் எல்லை நெருங்கும்போது எச்சரிக்க ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் முதல் நாளிலேயே அதைக் கேட்டுவிடுவார்கள். அடுத்தது, எரிந்த புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரட்டை டர்போவின் போக்கு. குறைந்த சுற்றில் எல்லாப் புகையும் முதல் டர்போவுக்கே போகிறது. ஏறக்குறைய 4500 சுற்றில் இரண்டாவது சேர்ந்துகொள்கிறது. அந்தச் சந்தியில் ஒரு கணம் உந்துதல் தளர்ந்து, பிறகு முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டு வண்டி பாயும். மூன்றாவது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பும் விதம். முன்சக்கரங்களின் மேல் கனம் இல்லாததால் தயக்கம் இல்லை. ஈரமான சாலையில் இதே குணம் ஆபத்தாகவும் மாறும்: வளைவின் நடுவே இரண்டாம் டர்போ விழித்துக்கொண்டால் பின்பக்கம் கேட்காமலே வெளியே வரும். மரத்தில் மோதிய எஃப்டிகளின் சட்டங்களை நிறையப் பார்த்தவன் என்பதால் இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், ஏனெனில் அவை தனிக்கதை அல்ல. சுழலும் ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும், இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட உலோகப் பட்டைகள்தான் மூன்று அறைகளையும் பிரித்து வைக்கின்றன. அவை கூட்டின் சுவரில் இடைவிடாமல் உரசுவதால், எரியும் அறைக்குள்ளேயே எஞ்சின் தானாகக் கொஞ்சம் ஆயிலைச் செலுத்திக்கொள்கிறது. ஆக, ஆயில் குறைவது பழுது அல்ல, வடிவமைப்பு. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் தீ முழுவதும் பரவ நேரம் போதாது; ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்தும் கொஞ்சம் எரிபொருள் எரியாமலே வெளியேறுகிறது. மைலேஜ் குறைவதும், புகை விதிகளில் மாட்டிக்கொண்டதும் இதனால்தான். நகருக்குள் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கிடைத்தால் அந்தக் கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் எரிதலே நடப்பதால் அது எப்போதும் சூடு, உறிஞ்சும் பக்கம் எப்போதும் ஒப்பீட்டளவில் குளிர்ச்சி. இந்த ஏற்றத்தாழ்வில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் நைந்துபோகின்றன. இரட்டை டர்போவை இயக்கும் வாக்குவம் குழாய்களோ எஞ்சினுக்கு மேல் நூடுல்ஸ் கொட்டினாற்போலக் கிடக்கும். அந்த வெப்பத்தில் ரப்பர் இறுகி, தொட்டால் பிஸ்கட் போல் முறியும். ஒரு குழாய் விட்டால் போதும், டர்போ தாறுமாறாக அழுத்தம் கூட்டும். அளவுமீறிய அழுத்தத்தில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும். ஒரே ஒரு வெடிப்பில் ஏபெக்ஸ் சீல் உடைந்து, எஞ்சின் அத்தோடு முடியும். பிஸ்டன் எஞ்சின் பலமுறை பொறுத்துக்கொள்ளும் பிழையை இது ஒருமுறைகூடப் பொறுப்பதில்லை. வால்வையும் ஹெட்டையும் நீக்கி எஞ்சினைச் சிறிதாக்கியதற்கு மஸ்டா கொடுத்த விலை அது.

ஜப்பானில் பழைய கார்களை விற்கும் ஏல மையத்து ஆய்வுத்தாளில் கீறலுக்கு ஒரு குறி, நசுங்கலுக்கு ஒரு குறி, சட்டம் பழுது பார்க்கப்பட்டிருந்தால் ஆர் என்ற தரம் என்று எல்லாம் இருக்கும். ஆனால் ரோட்டரி காரில் நாம் அறிய வேண்டிய ஒன்று அதில் பெரும்பாலும் இருக்காது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீண்ட நேரம் சுற்றிய பிறகே பற்றிக்கொள்கிறது என்றால் கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது. அதன்பின் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியைப் பிளக் துளையில் பொருத்தி, இரண்டு ரோட்டருக்கும் மும்மூன்றாக ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். 250 சுற்றுக்கு மாற்றிக் கணக்கிட்டால், புது எஞ்சினில் சதுர சென்டிமீட்டருக்கு எட்டரை கிலோவை ஒட்டி வரும். ஏழுக்குக் கீழே இறங்கினால் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். சாதாரணக் கருவி ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் மிக உயர்ந்ததை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். அதை நம்பி வாங்கியவர்கள் பலர். ஓடோமீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் காரைவிட, ரசீதுகளோடு முறையாக எஞ்சின் புதுப்பிக்கப்பட்ட ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் காரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

விலைக்கு வருவோம். இதில் ஒரு பகுதி உறுதியானது. எஃப்டி ஜப்பானியப் பொருளாதாரக் குமிழின் பணத்தில் வடிவமைக்கப்பட்டு, குமிழ் உடைந்த பிறகு விற்பனைக்கு வந்த கார். அதே 1991-ஆம் ஆண்டு ஜூனில் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை மஸ்டாவின் நான்கு ரோட்டர் பந்தயக் காரான 787பி வென்றிருந்தது. அதை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் அதுதான். அதைவிடச் சிறந்த விளம்பரம் ஒரு ரோட்டரி காருக்குக் கிடைத்திருக்க முடியாது. ஆனாலும் வாங்க ஆளில்லை. அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரையிலான மாடல்களோடு விற்பனை நின்றது. அதன்பின் முக்கியமாக ஜப்பான் சந்தைக்காக, கிட்டத்தட்டக் கையிலிருந்த காசைப் போட்டு, மெருகேற்றிக்கொண்டே போனார்கள். 2000-ஆம் ஆண்டின் புகை விதிகளுக்கு ஏற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்ற நிலையில், ஸ்பிரிட் ஆர் என்ற கடைசிப் பதிப்பின் 1500 கார்களோடு 2002 ஆகஸ்டில் முடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் அங்கே விற்கப்படாத வெளிநாட்டுக் காரைக் கொண்டுவர அது 25 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும். ஆகவே 280 குதிரைத்திறன் கொண்ட 1999-ஆம் ஆண்டுக் கார்கள் அண்மையில்தான் தகுதி பெற்றன. ஸ்பிரிட் ஆர் 2027-இல் தகுதி பெறும். ஜப்பானிய ஏலத்தில் எஃப்டிக்கு அமெரிக்க வணிகர்கள் கைதூக்குவதன் பின்னணி இதுதான். இதில் மர்மம் எதுவும் இல்லை. வரத்து நின்றுபோன ஒரு பொருளுக்குப் புதிதாக ஒரு பெரிய சந்தை திறந்திருக்கிறது.

சினிமாவின் பங்கு எவ்வளவு என்பதுதான் ஐயத்துக்குரிய பகுதி. மலைப்பாதைப் பந்தயங்களைப் பற்றிய புகழ்பெற்ற ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலும், 2001-இல் வந்த தெருப்பந்தய ஹாலிவுட் படத்திலும், அதே காலத்தின் கணினி விளையாட்டுகளிலும் எஃப்டி இருந்தது. அவற்றைப் பார்த்து வளர்ந்த சிறுவர்களுக்கு இன்று நாற்பது வயது, கையில் பணமும் இருக்கிறது. இது விலையை ஏற்றவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்பவனாவேன். ஆனால் இது முழு விளக்கமாகாது. அதே படங்களில் அதே அளவு முகம் காட்டிய வேறு கார்கள் சில இன்று பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலேதான் போகின்றன. மேலும், சூப்ரா, ஜிடி-ஆர், நிசானின் மற்றொரு ஸ்போர்ட்ஸ் காரான சில்வியா ஆகியவையும் இதே 2002-இல், இதே விதிகளால் நின்றவை. அவற்றுக்கும் நல்ல விலை உண்டு; ஆனால் அவற்றின் உரிமையாளர்களோடு பேசினால் திறன், வலிமை, மாற்றியமைக்கும் வசதி என்று பேசுவார்கள். எஃப்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் தன் எஞ்சினின் நலத்தைப் பற்றிப் பேசுவார்: நேற்று ஸ்டார்ட் ஆன விதம், ஆயில் குறைந்த அளவு, வெப்பமானி முள் நின்ற இடம். கவனித்துக்கொள்ளாவிட்டால் செத்துவிடும் ஒன்றோடு ஏற்படும் அந்தப் பிணைப்பும் ஈர்ப்பின் ஒரு பகுதி என்பது என் எண்ணம். அதை அளந்து காட்ட என்னால் முடியாது.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். விலை குறைந்திருந்த காலத்தில் எஃப்டிகளைக் கண்டபடி மாற்றியமைத்தார்கள்: ஒற்றைப் பெரிய டர்போ, அகலப்படுத்திய உடல், சிலவற்றில் ரோட்டரியைப் பிடுங்கிவிட்டு அமெரிக்க வி8 எஞ்சின். வி8 வைத்த கார் நம்பகமானது, விரைவானது, பராமரிக்க எளிது. பொறியாளனாக அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏலத்தில், நல்ல நிலையில் உள்ள மூல ரோட்டரி காரோடு அது போட்டியிட முடிவதில்லை. பழுதாகும் எஞ்சினுக்கு அதிகம் கொடுத்து, பழுதாகாததற்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். வாங்குபவர்கள் வெறும் வடிவத்துக்கோ பெயருக்கோ பணம் கொடுப்பதில்லை என்பதற்கு என் கையிலிருக்கும் வலுவான சான்று இதுதான். உதிரிபாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரித்துத் தருவதாக மஸ்டாவே அறிவித்திருப்பதும், இந்தக் கார்கள் காட்சிப்பொருளாகாமல் ஓட வேண்டும் என்று எண்ணுபவர்கள் இருப்பதைக் காட்டுகிறது.

இதற்கு வாரிசு வந்தால் மோகம் அடங்கிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். 2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8 டர்போ இல்லாத, நான்கு கதவுகள் கொண்ட, நல்ல ஆனால் வேறு நோக்கம் கொண்ட கார். அது 2012-இல் நின்றது. 2023-இல் மஸ்டா காட்சிக்கு வைத்த ஐகானிக் எஸ்பி என்ற மாதிரிக் கார் பார்வைக்கு எஃப்டியின் தம்பி போலவே இருந்தது. 2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கென ஒரு பொறியாளர் குழுவையும் மறுபடி அமைத்தார்கள். ஆனால் அந்த மாதிரிக் காரின் ரோட்டரி எஞ்சின் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். ஒரே சீரான சுற்றில் ஓடுவதற்கு ரோட்டரி மிகவும் பொருத்தம், புகையையும் கட்டுப்படுத்தலாம், சீலும் நீண்ட நாள் வரும். பொறியியல் நோக்கில் சரியான முடிவு. எஞ்சினுக்கும் கால்விரலுக்கும் இடையே இருந்த நேரடித் தொடர்பு மட்டும் அதில் இருக்காது. அப்படியொரு கார் விற்பனைக்கு வந்தால் எஃப்டியின் விலை இறங்காது, இன்னும் ஏறும் என்றே நினைக்கிறேன். இந்த ஒரு கணிப்பை மட்டும் நம்பிப் பணம் போட வேண்டாம். முதலில் ஆறு அறைகளையும் அளந்து பாருங்கள்.